பிழை முடிச்சை அவிழ்க்க வேண்டாம்

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேசாலையில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை ஒற்றைச் செருப்புடன் நடந்து போனேன். மற்றது கழன்றது எனக்குத் தெரியவில்லை. அம்மா அதைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

2. வியாழக்கிழமை பஸ் படியில் ஏற முடியவில்லை. நடத்துநர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

3. வெள்ளிக்கிழமை மன்னார் வைத்தியசாலை. அன்று பின்னேரமே அம்புலன்ஸில் யாழ்ப்பாணம்.

4. நோயின் பெயர் கில்லன்-பாரே (உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் சொந்த நரம்புகளையே தாக்குவது). இரண்டு வாரங்களுக்கு முன் வந்த வயிற்றோட்டம் இதைத் தூண்டியிருக்கலாம் என்றார்கள்.

5. ஐந்து நாட்கள் நாளத்தின் வழியே இமியூனோகுளோபியூலின் (பிறருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். மூச்சுவிடும் தசைகள் தப்பின.

6. ஏழாவது வாரம் நடைச்சட்டத்தைப் பிடித்து நடந்தேன். நான்காவது மாதம் சட்டம் இல்லாமல்.

7. கால்கள் திரும்பி வந்தன. வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் வரவில்லை.

8. அவற்றைப் பழக்க, பழைய வலைத் துண்டிலும் கிழிந்த சாரத்திலும் (லுங்கி) கால்மிதி செய்யச் சொன்னார்கள்.

9. ஆறு வாரம் செய்தேன். என் அட்டவணையில் கை வேகமாகக் குணமாகியது. கையில் ஒன்றும் ஆகவில்லை.

முதல் எட்டையும் இந்த நோய் வந்த யாரும் எழுதிவிடலாம். ஒன்பதாவதைத்தான் நான் எழுத வேண்டும். அது நோயால் வந்ததல்ல, என் வீட்டாரால் வந்தது. உங்கள் வீட்டிலும் அன்பானவர்கள் இருந்தால் கவனமாக வாசியுங்கள்.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். குழாய் பதிக்கும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டக் கருவியால் அளப்பது என் வேலை. அந்தக் கருவியின் சின்னத் திருகுகளைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மயிரிழை அளவுக்குத் திருப்ப வேண்டும். அந்த இரண்டு விரல்களும் இல்லாவிட்டால் எனக்கு வெளிக்கள வேலை இல்லை. கந்தோரில் (அலுவலகத்தில்) உட்கார்ந்து கடிதம் கோவைப்படுத்தலாம். என் கந்தோர் லீவை நீட்டித் தந்து, கை பற்றி ஒரு மருத்துவ அறிக்கை கேட்டிருந்தது.

அந்த அறிக்கையை எழுத வேண்டியவர் மன்னாரில் என்னைப் பார்த்த தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைக் கொண்டே உறுப்புகளைப் பழக்குபவர்). அரிப்பு என்ற ஊரைச் சேர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிடுவோம்.

"காசு குடுத்து ஒண்டும் வாங்கவேணாம்," என்றார் மிஸ். "வீட்டில எறியிற சாமானை எடுங்கோ. வீட்டு ஆக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. தனியச் செய்தா ரெண்டு நாளில அலுத்துப்போடும்."

வீட்டு ஆட்களைச் சேர்க்கச் சொன்னதுதான் வினையானது.

செய்முறை எளிது. கை அகலச் சாரத்துணியை விரல் நீளக் கீலங்களாக (கீற்றுகளாக) வெட்ட வேண்டும். பழைய வலைத் துண்டைக் கதிரையின் முதுகில் இழுத்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு வலைக்கண்ணிலும் ஒரு கீலத்தை நுழைத்து, இரண்டு விரல்களால் மட்டும் இரண்டு தரம் முடிச்சுப் போட வேண்டும். கண்கள் எல்லாம் நிரம்பினால் கால்மிதி. இடையிடையே வேறு வேலைகளும் இருந்தன: பால்மா ரின் (தகர டப்பா) மூடியில் வெட்டிய துளைக்குள் போத்தல் மூடிகளைப் போடுவது, முட்டைத் தட்டை நனைத்துப் பிசைந்து கிண்ணம் செய்வது.

இந்தச் செய்தி எப்படியோ ஊருக்குள் போனது. போகும்போது "அந்தப் பிள்ளைக்கு வெறும் ரின் வேணுமாம்" என்று மட்டும் போனது. ஒரு வாரத்துக்குள் எங்கள் முற்றத்தில் ரின், யோகட் கோப்பை, கிழிந்த வலை, ஒற்றைச் செருப்புகள்கூட வந்து சேர்ந்தன. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டே இருந்தோம். கோயிலால் வரும் வழியில் ஒருவர் பழுதான மின்விசிறி ஒன்றை இறக்கிவிட்டு, "பிள்ளைக்குச் செபிக்கிறம்" என்று சொல்லிப் போனார்.

பக்கத்து வீட்டிலிருக்கும் சின்னம்மா, அம்மாவின் தங்கை, கீலம் வெட்ட வந்தார். "லெவல் பாக்கிற இஞ்சினியரம்மா நேசரிப் பிள்ளை மாதிரித் துணி கட்டுறா," என்று சிரித்துக்கொண்டே வெட்டுவார். நான் இஞ்சினியர் இல்லை என்று பதினைந்து முறை சொல்லியிருப்பேன்.

நாள் ஒழுங்கு இப்படி இருந்தது. காலை ஒன்பதுக்குத் தொடங்கி, விரல்கள் நடுங்கும்வரை முடிச்சுப் போடுவேன். மதியம் சாப்பிட்டதும் தூக்கம் என்னை அடித்துப் போட்டுவிடும். இந்த நோய்க்காரருக்கு அந்தக் களைப்பு தெரியும். ஐந்து மணிக்கு எழுந்து, அன்று கட்டிய ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பேன். அவிழாமல் நின்றவற்றை எண்ணி அட்டவணையில் குறிப்பேன்.

முதல் நாள் நின்றது நான்கு. பிறகு ஆறு. பிறகு எட்டு, ஒன்பது, பதினொன்று. ஆறாவது வார முடிவில் முப்பத்திமூன்று. ஒரு நாள்கூடக் குறையவில்லை. வரைபடமாகக் கீறி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். வருபவர்களுக்கெல்லாம் அம்மா அதைக் காட்டினார்.

ஒருமுறை வேலையில் ஒருவர் கொண்டுவந்த மட்டக் குறிப்பேட்டை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்கள் அளவுக்கு மீறிச் சீராக இருந்தன. நிலம் அப்படி இராது. மரநிழலில் உட்கார்ந்து எழுதிய எண்கள்தான் அப்படி இருக்கும். அதே கண் என் அட்டவணையைப் பார்த்து ஆறு வாரம் மகிழ்ந்துகொண்டிருந்தது.

அந்த ஆறாவது வாரம் சிகிச்சைக்குப் போனபோது அப்பாதான் கூட வந்தார். அப்பாவுக்குக் கடல்தொழில். விடியப் போய் வந்து, கரையில் உள்ள வாடியில் (மீனவர் கொட்டில்) கிழிந்த வலையைப் பொத்திவிட்டு, மதியம் வீட்டுக்கு வருவார். அன்று தொழிலுக்குப் போகவில்லை.

மிஸ் என் கிள்ளுப் பலத்தை (பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து அழுத்தும் வலு) அளந்தார். சின்ன வட்ட முகமுள்ள அளவி. முள் எழும்பி, வழக்கமான கோட்டில் நின்றது.

"போன முறையும் இதுதான். அதுக்கு முதலும் இதுதான்." என் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு பயிற்சி செய்தும் பலம் வரேல்லையெண்டா, பயிற்சியால வரக்கூடியது முடிஞ்சுது எண்டுதான் யோசிக்கவேணும். திரும்ப யாழ்ப்பாணம் அனுப்பி நரம்பைப் பரிசோதிப்பம். கந்தோருக்கும் அப்பிடித்தான் எழுதவேண்டி வரும்."

கதிரையின் கைப்பிடியில் என் இடது கை இருந்தது. அது மட்டும் மிக நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கால்மிதி கொண்டந்தனீங்களோ?"

அப்பா ஷொப்பிங் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மிஸ் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். விரலால் வரிசை வரிசையாகத் தடவினார். ஒரு கீலத்தை என் கையில் தந்தார்.

"ஒண்டு கட்டுங்கோ பாப்பம்."

கட்டினேன். இழுத்தார். வந்துவிட்டது. இன்னொன்று கட்டினேன். அதுவும் வந்துவிட்டது. மூன்றாவது அரைகுறையாக நின்றது.

"எங்கட வாப்பாவும் வலை பொத்துறவர்தான்," என்றார் மிஸ். "இந்த முடிச்சு ஆரின்ரை கை?"

அப்பா கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா?"

"பிழையா இருந்தது, பிள்ளை. திருத்தினனான்."

"எத்தனை?"

"பிழையா இருந்ததெல்லாம்."

"ஏனப்பா?"

அந்தக் கேள்வியே அப்பாவுக்கு விளங்கவில்லை. "வலையில பிழை முடிச்சைக் கண்டிட்டு ஆரும் சும்மா எழும்புவினமோ? ஆரின்ரை வலையெண்டு ஆர் பாக்கிறது? கண்டவன் அவிட்டுக் கட்டவேணும்."

வாடியில் அது சரி. ஒரு தளர்ந்த முடிச்சால் ஒரு நாள் மீன் முழுவதும் போய்விடும். அதனால் பார்த்த கை திருத்திவிட்டுத்தான் போகும். சொல்லிக்காட்டினால்தான் மரியாதைக் குறைவு. ஆனால் என் கால்மிதியில் மீன் பிடிக்க யாரும் நினைக்கவில்லை. நான் மதியம் தூங்கிய நேரத்தில், ஆறு வாரம், அப்பா என் கையை ஒவ்வொரு நாளும் குணப்படுத்தியிருக்கிறார்.

மிஸ் அறிக்கைத் தாளை மூடி வைத்தார். "நல்லகாலம், எழுத முதல் பாத்தன். இனி இவ கட்டினது கட்டினபடியே கிடக்கோணும், ஐயா. விளங்குதோ? ஆறு கிழமையில திரும்ப அளப்பன். அதுக்குப் பிறகு கந்தோருக்கு எழுதுவம்."

"ஓம் மிஸ்," என்றார் அப்பா, பள்ளிக்கூடப் பிள்ளை போல.

வீட்டுக்கு வந்து விசாரித்ததில் மிச்சமும் வெளிவந்தது. அம்மா நிறம் பொருந்தாத கீலங்களைக் கழற்றி வேறு நிறம் கட்டியிருந்தார். சின்னம்மா, "வெறுமையாக் கிடந்துது" என்று ஓரத்தில் இரண்டு வரிசை முழுவதையும் தானே நிரப்பியிருந்தார்.

"அப்ப இதில நான் கட்டினது எது?"

மூவரும் கால்மிதியைக் குனிந்து பார்த்தார்கள்.

"அந்தச் சிவப்பு உன்ரைதான்," என்றார் சின்னம்மா.

"அது நான் மாத்தினது," என்றார் அம்மா.

இதற்கு மேல் கோபப்படவும் எனக்குப் பலம் இருக்கவில்லை. போய்ப் படுத்தேன். பின்னால் வந்த அம்மா கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"யாழ்ப்பாணத்தில ஐ.சி.யு. கண்ணாடிக் கதவுக்கு வெளியில பதினொரு நாள் நிண்ட மனுசன் அப்பா, பிள்ளை. கையால ஒண்டும் செய்ய ஏலாம நிண்டவர். இஞ்ச செய்யக்கூடியதா ஒண்டு கிடைச்சிட்டுது."

விளங்கியது. கோபம் குறையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதை இந்த நோயில் கற்றுக்கொண்டேன். இதை எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் போடுவதில்லை.

மறுநாள் வரைபடத்தைக் கழற்றினேன். புதிய வலைத் துண்டு ஒன்றை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். வலப்பக்கம் அப்பாவுக்கு, இடப்பக்கம் எனக்கு. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் முட்டைத் தட்டும் ரின்களும். அவரவர் செய்வதை அவரவரே செய்ய வேண்டும், கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்க வேண்டும் என்று எழுதி அலுமாரியில் ஒட்டினேன். முடிச்சுகளைக் கட்டியவுடனே எண்ணத் தொடங்கினேன், தூக்கத்துக்கு முன்.

உங்களுக்கும் இதையே சொல்வேன். குப்பையிலிருந்து எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். அது அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்பா மிகவும் கஷ்டப்பட்டார். தன் பக்கத்தைக் கால்மணி நேரத்தில் கட்டி முடித்துவிட்டு, என் பக்கத்தைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருப்பார்.

"அந்த மூண்டாவது மட்டும், பிள்ளை."

"தொடாதேங்கோ."

"தொடேல்லை. சொல்லுறன்."

"சொல்லவும் வேணாம்."

"அப்ப நான் வெளியில நிக்கிறன்," என்று எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். அங்கிருந்து ரின்களை அடுக்கும் சத்தம் கேட்கும். எல்லா ரின்களும் அளவு வாரியாக அடுக்கப்பட்டன.

புதிய அட்டவணை அசிங்கமாக இருந்தது. மூன்று, மூன்று, இரண்டு, ஐந்து, ஒன்று, நான்கு. பார்த்தவுடனே நம்பினேன். நிலம் அப்படித்தான் இருக்கும்.

மார்கழியில் கிறிஸ்மஸுக்கு அம்மா வீட்டில் பாலன் குடில் வைத்தார். கசக்கிய சீமெந்துப் பைக் கடதாசியில் மலை, முட்டைத் தட்டில் ஆடுகள். தரைக்குக் கால்மிதியை விரித்தார். சனம் பார்க்கும் பக்கத்துக்கு அப்பாவின் சீரான பாதி. என் பாதி மலைக்குக் கீழே மறையும்படி. சொல்லிச் சொல்லி அலுத்திருந்தேன்.

கடலால் வந்த அப்பா குடிலைக் குனிந்து பார்த்தார். பிறகு மலையை இரண்டு கைகளாலும் தூக்கி இறக்கி, கால்மிதியைச் சுற்றித் திருப்பி, மலையைத் தன் பாதியின் மேல் வைத்தார். என் தளர்ந்த முடிச்சுகள் முன்னுக்கு வந்தன. ஒரு கீலம் அரைவாசி கழன்று தொங்கியது. அப்பாவின் கை அதற்கு மேலே போய் நின்றது. பிறகு அதைத் தாண்டி ஒரு ஆட்டை நேராக்கிவிட்டுத் திரும்பி வந்தது.

"என்னப்பா, வடிவில்லாத பக்கத்தை முன்னுக்கு விட்டிட்டியள்?" என்றார் அம்மா.

"கிடக்கட்டும்," என்றார் அப்பா.

நோய்க்கு முன் என் கையை நான் கவனித்ததில்லை. அது கருவியோடு சேர்ந்த ஒரு பாகம். பிறகு ஆறு வாரம் அது நான்கு பேரின் கையாக இருந்தது. இப்போது பலம் குறைந்த, என் ஒருத்தியின் கை. நாட்களையும் முன்புபோல மொத்தமாக வைத்து மாலையில் எண்ணுவதில்லை. காலையில் நடந்ததைக் காலையிலேயே எண்ணிவிடுகிறேன். மாலைக்குள் யார் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

இப்போதைய நிலை: அந்த ஆறு வாரமும் முடிந்து அளந்தபோது அளவியின் முள் ஒன்றரைக் கோடு மேலே நின்றது. முடிவை மிஸ் இன்னும் எழுதவில்லை. பங்குனியில் மீண்டும் அளந்துவிட்டு எழுதுவதாகக் கந்தோருக்கு அறிவித்திருக்கிறார். சட்டைப் பொத்தான் ஐந்தில் மூன்றை நானே போடுகிறேன். நேற்றுக் கட்டியது பதினான்கு. நின்றது ஏழு.