யானைக்குக் கொடுத்த ஆரஞ்சு

அறுபதுகளில் ஒரு செப்டம்பர் செவ்வாய்க்கிழமை. சாத்தம் தீவின் மர அறுவை ஆலைக்குத் தடிகள் அனுப்பும் காட்டு முகாமுக்கு மேற்பார்வைக்குப் போனபோது ஒரு யானைப்பாகரைப் பார்த்தேன். ஒல்லியானவர், ஈறெல்லாம் வீக்கம். ரேஷனில் வரும் காய், பழம் எதையும் தின்னாமல் தன் யானைக்கே ஊட்டிவிடுவாராம். அன்று அவர் முன்கையில் ரத்தம் கசிந்தது.

“எப்ப வெட்டுச்சு?” என்று கேட்டேன்.

“இருபது வருஷமாச்சு சாப். ஆறின தழும்பு, தானா பிளந்துருச்சு.”

முகாம் கம்பவுண்டரிடம் அவரைக் கூட்டிப் போனேன்.

கம்பவுண்டர் காயத்தைப் பார்த்துவிட்டுப் பாகரிடம் சொன்னார்: “சதையை ஒட்டி வச்சிருக்கிற புரதத்தை உடம்பு ஓயாம புதுசு பண்ணணும். அதுக்குப் பழச்சத்து வேணும், இல்லேன்னா ஆறின தழும்பும் பிரிஞ்சிரும். யானை அந்தச் சத்தைத் தானே உண்டாக்கிக்கும் பாய், நம்மால முடியாது. இப்படியே விட்டா செத்துருவீங்க.”

ஓர் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார். பாகர் பாதியைத் தின்றார். மீதியை மடியில் செருகிக்கொண்டு யானை நின்ற பக்கம் நடந்தார். என் முழங்காலில் இருந்த பழைய தழும்பைத் தொட்டபடி, அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.