ஓரியேவும் பன்னிரண்டாம் பாகமும்

தன் கையாலேயே கட்டித் தெருவில் வைத்த ஒன்றை, முப்பது ஆண்டு கழித்து ஒருத்தி தேடத் தொடங்கினால், அவள் தேடுவது அந்தப் பொருளையா, அதை எறிந்த பெண்ணையா? ஓரியே ஹதனாகாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அவளுடைய கேள்விகள் வேறு வகை: காலிப் பால் அட்டைப்பெட்டியைக் கழுவாமல் வைத்தது யார், செய்தித்தாளோடு வார இதழைக் கலந்து கட்டியது யார்.

ஜப்பானின் மட்சுயாமா நகரில் எங்கள் தெருவுக்குப் பழைய தாள் எடுக்கும் வண்டி மாதம் இருமுறை வரும். காலையில் அவரவர் கட்டுகளைத் தெருமுனையில் வைத்துவிட வேண்டும். அன்று மேற்பார்வை பார்ப்பது வீட்டுக்கு வீடு மாறும் முறை. மற்றவர்கள் பச்சைக் கைப்பட்டையை மாட்டிக்கொண்டு கொட்டாவி விடுவார்கள். ஓரியேவின் முறை வந்தால் தெருவே முந்தின நாள் தன் கட்டுகளை அவிழ்த்துச் சரிபார்க்கும். ஒருமுறை கட்டுகளைத் திருட்டுத்தனமாக அள்ளி விற்கச் சிறு வேனில் வந்த ஒருவனை ஓரியே துடைப்பத்தோடு துரத்திப் பிடித்தாள்.

“குப்பைன்னு வச்சதுதானேம்மா?” என்றான் அவன்.

“வச்சது ஊருக்கு. உனக்கில்ல. இறக்கு.”

இறக்கினான். அடுக்கியும் வைத்தான். இதைப் பெருங்குணம் என்று நான் சொல்லமாட்டேன். விதி என்றால் விதி என்று நினைப்பவர்களில் பாதிப் பேர் யோசிக்கச் சோம்பல்படுபவர்கள். ஓரியே எந்தப் பாதி என்று எனக்கு நெடுநாள் தெரியவில்லை.

திருமணத்துக்கு முன் அவள் காமிக்ஸ் சேர்த்தவள். பெண்பிள்ளைகளுக்கென்று வரும் வகை: பெரிய கண்கள், காற்றில் பறக்கும் கூந்தல். ‘கலங்கரை வீட்டுப் பெண்’ என்ற தொடரில் பதினொரு பாகம் வைத்திருந்தாள். பதினொன்றின் கடைசிப் பக்கத்தில் நாயகி படகில் ஏறிவிடுகிறாள். கரையில் ஒரு டாக்டரும் ஒரு படகு மெக்கானிக்கும் நிற்கிறார்கள். அவள் கை அசைக்கிறாள். யாரைப் பார்த்து என்பது பன்னிரண்டில்தான் தெரியும். அதற்குள் திருமணம் வந்துவிட்டது. பொறுப்பான மனைவிக்கு இதெல்லாம் ஆகாது என்று அவளே முடிவு செய்து, எல்லாவற்றையும் கட்டித் தெருமுனையில் வைத்தாள். பன்னிரண்டாம் பாகம் அடுத்த மாதம் வந்தது. வாங்கவில்லை.

பிறகு கணவர் ஓய்வுபெற்று, வீட்டிலேயே பக்வீட் என்ற தானியத்தின் மாவில் நூடுல்ஸ் தேய்க்கக் கற்றுக்கொண்டார். அந்த மாவு மேசை, பூனை, தொலைபேசி எல்லாவற்றிலும் படிந்தது. மாவிலிருந்து தப்ப அவள் பழைய புத்தகக் கடைகளில் ஒதுங்கினாள். இரண்டே ஆண்டில் பதினொரு பாகமும் மறுபடி சேர்ந்தன. பன்னிரண்டு மட்டும் சிக்கவில்லை. குறைவாக அச்சிட்டதாம்.

அன்று அவளுக்கு மேற்பார்வை முறை. கூடவே ஏகப்பட்ட அலைச்சல்: சலவைக் கடையில் துக்க வீடுகளுக்குக் கணவர் போடும் கறுப்புக் கோட்டை வாங்க வேண்டும், அடுத்த வீட்டுக்குத் வீடு வீடாகக் கைமாறும் தெருச் சங்கச் சுற்றறிக்கைப் பலகையைக் கொடுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் இன்னும் மாவு வாங்க வேண்டும். கிளம்புமுன் கட்டுகளை ஒருமுறை பார்த்தாள். மீன்பிடி இதழ்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. கலந்து கட்டியிருக்கிறார்களே என்று கோபமாகக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ‘கலங்கரை வீட்டுப் பெண்’, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

எடுத்தால் அவளும் வேன்காரனும் ஒன்று. வண்டி வரும்வரை வைத்தவர் மனம் மாறித் திரும்ப எடுக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதுதான் வழி. வைத்தவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஜூடோ இடுப்புப் பட்டையைக் கட்டுவதுபோலத் தட்டையாக, இறுக்கமாக ஒரு முடிச்சு. எங்கள் தெருவில் அப்படிக் கட்டுபவர் தொகுஷிகே மாஸ்டர் ஒருவர்தான். நாற்பது ஆண்டு ஜூடோ சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளைத் தூக்கிப் பாயில் அடித்தவர்.

அவர் வீடு பூட்டியிருந்தது. சலவைக் கடையில், அவர் முடிவெட்டப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் குனிமியின் கடைக்குள் நுழைந்தபோது நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன்.

“வாங்க ஹதனாகா சான். மாஸ்டருக்கு இன்னும் பாதி இருக்கு. மொத்தம் இருக்கிறதே பாதிதான்” என்றார் குனிமி.

“மாஸ்டர், நீங்க வச்ச கட்டுல...”

“நான் எந்தக் கட்டும் வைக்கல.”

“உங்க முடிச்சு.”

“ஊர்ல பாதிப் பேருக்கு அந்த முடிச்சை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எவன் போட்டானோ.”

“நடுவுல பொண்ணுங்க படிக்கிற காமிக்ஸ் இருக்கு. பன்னெண்டு பாகம்.”

குனிமி சிரித்தார். “மாஸ்டர் வீட்டிலயா? அந்த வீட்டுல ஒரு பூந்தொட்டி கூடக் கிடையாதே!”

“உங்களுதா இருந்தா, எடுத்துக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மாஸ்டர். வேற ஒண்ணும் கேக்கல.”

“என்கிட்ட இல்லாததை எப்படிம்மா குடுக்கிறது?”

தர்க்கத்தில் ஓட்டையில்லாத பதில். காதுகள்தான் சிவந்திருந்தன.

ஓரியே பெருமூச்சு விட்டாள். “சரி, போகட்டும். அந்தக் கோழை மெக்கானிக் கதை எப்படி முடிஞ்சா எனக்கென்ன.”

“கோழையா? புயல்ல தனி ஆளா படகை...” மாஸ்டர் நிறுத்தினார். கத்தரிக்கோலும் நின்றது. “புயல் வந்தா கஷ்டம்னு சொல்ல வந்தேன்.”

“வெளிய நல்ல வெயில், மாஸ்டர்” என்றார் குனிமி.

இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாஸ்டர் விழுந்திருப்பார். அது எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அவளோ குனிந்து வணங்கிவிட்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

கொஞ்ச நேரத்தில் தாள் வண்டி வரும்போது போடும் பாட்டு கேட்டது. மாஸ்டர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கிழமை மகன் குடும்பத்தோட இங்கயே குடிவந்துடுறான். அலமாரியைத் திறந்தா பேரன் என்னை என்னன்னு நினைப்பான்?” என்றார், யாரிடம் என்று தெரியாமல். பிறகு எழுந்தார். கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு, ஒரு பக்கம் வெட்டிய தலையோடு ஓடினார். கத்தரிக்கோலோடு குனிமி ஓடினார். நானும் போனேன்.

வண்டிக்காரர் அந்தக் கட்டைக் கையில் எடுத்துவிட்டார். பக்கத்தில் ஓரியே துடைப்பத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை.

“நிறுத்துப்பா! அது என்னோடது!”

ஜன்னல்கள் திறந்தன.

“என்னோடதுதான்! நான்தான் வாங்கினேன், நான்தான் படிச்சேன். ஒன்பதாம் பாகத்துக்கு ரெண்டு தடவை அழுதேன். போதுமா? எடுத்துக்கோங்க ஹதனாகா சான், பன்னெண்டையும் எடுத்துக்கோங்க!”

எதிர்வீட்டு மாடியில் யாரோ கைதட்டினார்கள். மாஸ்டர் திரும்பி முறைத்ததும் நின்றது.

“யாராவது ஒருத்தர் முடிவு பண்ணுங்க. அடுத்த தெரு காத்துட்டிருக்கு” என்றார் வண்டிக்காரர்.

ஓரியே கட்டை வாங்கினாள். பன்னிரண்டாம் பாகத்தின் முதுகை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு கட்டை அப்படியே, முடிச்சை அவிழ்க்காமல், மாஸ்டரின் வெள்ளைத் துணிமேல் வைத்தாள்.

“கலந்து கட்டக் கூடாது மாஸ்டர். வீட்டுக்குக் கொண்டு போங்க.”

“அந்தக் கடைசி ஒண்ணையாவது...”

அவள் அதற்குள் பெருக்கத் தொடங்கியிருந்தாள். பெருக்கி முடித்து, கைப்பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மாவு வாங்கப் போனாள்.

அதன்பின் மாஸ்டர் இருமுறை பன்னிரண்டாம் பாகத்தைத் தாளில் சுற்றி அவள் வீட்டுக்கே கொண்டுபோனார். “உங்ககிட்டயே இருக்கட்டும். தூக்கிப் போட்டுட்டு அப்புறம் தேடுறது என்னன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லி, நூடுல்ஸ் கொடுத்து அனுப்பினாள். வாராவாரம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய், அந்தப் பன்னிரண்டாம் பாகம் வந்திருக்கிறதா என்று கேட்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.