பலாபத்வலயில் இறங்கிய சூலங்கள்

பலாபத்வல சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் மூட்டை முடிச்சோடு இறக்குகிறார்கள். என் பிஸ்கட் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்த சிப்பாய், அடுத்து நிற்கும் எல்கடுவத் தோட்டத்து அம்மாவின் சாக்கைக் கவிழ்க்கிறான். இரும்புச் சூலங்கள் தார் ரோட்டில் சடசடவென்று விழுகின்றன. அவன் பின்வாங்கித் துப்பாக்கியைப் பிடிக்கிறான்.

அந்த அம்மா பதறவில்லை.

"எங்க ஊரே தண்ணி எடுக்கிற ஊத்துக்கு மேல இருக்கிற மரத்தையெல்லாம் வெட்டப் போறாங்க. மழை இல்லாம ஏற்கெனவே ஊத்து வத்திக்கிட்டு வருது. கோயில், பள்ளிவாசல், புத்தர் பன்சல எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்டும் தோட்டத்துத் தொர மசியல. மரத்தடியில சூலத்த நட்டு முனியாண்டியாக்கிட்டா வெட்டுறவன் கை வைக்க மாட்டான்."

அவரோடு வந்திருக்கும் மிளகு வியாபாரி அதைச் சிங்களத்தில் சொல்கிறார். அவர் தலையில் இருக்கும் தொப்பியைப் பார்த்து, முஸ்லிமுக்குச் சூலத்தில் என்ன வேலை என்று கேட்கிறான் சிப்பாய். தான் சூலத்தைக் கும்பிடுவதில்லை, ஆனால் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது அந்த ஊற்றுத் தண்ணீரில்தான் என்கிறார் அவர்.

சிப்பாய் ஒரு சூலத்தை ஒற்றைக் கையால் தூக்கி, முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறான். கூரே இல்லையே என்கிறான்.

"குத்துறதுக்கு இல்லீங்க மாத்தயா, பயப்படுறதுக்கு."

வியாபாரி அதையும் சிங்களத்தில் சொல்கிறார். சிப்பாய் சிரிக்கவில்லை. துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, சூலத்தை இரண்டு கையாலும் ஏந்தி அந்த அம்மாவிடம் கொடுக்கிறான்.