கார் நிறுத்தச் சுவரில் ஒரு காலியிடம்

திருப்போரூர் கோயிலைத் தாண்டி, மனை விற்பனை விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் குழாய், மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் வெங்கடேசன்தான் பார்த்துக்கொள்கிறார். படாளத்துக்காரர். இந்தக் கட்டடம் எழும்பியபோது சுவருக்குள் குழாய் பதித்தவர்களில் ஒருவர். வேலை முடிந்ததும் இங்கேயே தங்கிவிட்டார். குனிந்து குனிந்து முழங்கால் தேய்ந்துவிட்டது. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுதான் ஏறுவார்.

குடியிருப்பவர்கள் "ஒரு நிமிஷம்" என்று சுத்தியலை வாங்கிப் போவார்கள். பிறகு அதை அவர் வீடு வீடாகக் கேட்டுத் திரிய வேண்டும். அந்த அலைச்சல் தாங்காமல்தான் கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் ஒரு பிளைவுட் பலகை அடித்தார். கருவிகளை ஆணிகளில் மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புப் பெயின்டால் கோடு வரைந்தார். எதை யார் எடுத்துப் போனாலும் அதன் வடிவம் சுவரில் காலியாகத் தெரியும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "நம் சங்கத்தின் ஒழுங்கு" என்று எழுதினார். பெரிய பைப் ரென்ச் ஒன்றுதான் சங்கத்துடையது, மற்ற எல்லாம் வெங்கடேசன் தன் கைக்காசில் வாங்கியவை என்பதை எழுதவில்லை.

ஆயுதபூஜை வந்தது. சங்கத்துக்கான பூஜை கஸ்தூரிரங்கன் வீட்டில், கொலுவுக்கு முன்னால். வெங்கடேசன் கருவிகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு கூடையில் மூன்றாம் மாடிக்குச் சுமந்து போனார்.

"அங்கயே வை வெங்கடேசா. நான் உள்ள எடுத்துண்டு போறேன்."

வாசலிலேயே வைத்தார். கருவி பூஜைக்குப் போகலாம். அதைப் பிடித்து உழைத்த கை வாசலோடு நிற்க வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கஸ்தூரிரங்கன். இதற்கு என்ன காரணம் என்று ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

விஜயதசமியன்று கூடை கீழே வந்துவிட்டது. வெங்கடேசன் விடுப்பில் இருந்தார். மறுநாள் வந்து ஒவ்வொன்றாக மாட்டினார். ரென்ச்சின் கோடு மட்டும் காலியாக நின்றது.

"சார், பெரிய ரென்ச்சு உங்க வூட்லயே தங்கிடுச்சு போல."

"எல்லாம் கூடையில போட்டாச்சு. எங்காத்துல என்ன இருக்கப் போறது?"

"ஒரு தபா பாத்துடுங்க சார்."

"பூஜை ரூமைக் கொடையச் சொல்றியா?"

பூஜை அறையைக் குடையக்கூடாது. வெங்கடேசனின் வீட்டைக் குடையலாம். அன்று மாலையே குழுவில் "ரென்ச் காணவில்லை, விசாரித்து வருகிறோம்" என்று செய்தி வந்தது. மறுநாள் சங்கத்து ஆட்கள் இருவர் அவருடைய ஒற்றை அறை வீட்டுக்குப் போனார்கள். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார்கள். அவர் மனைவி சங்கரி அடுப்பைவிட்டு நகரவில்லை.

"ரசத்துல முங்கிக் கெடக்கும், கரண்டி போட்டுப் பாருங்க சார்," என்றாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது.

அவர்கள் போனதும் சங்கரி சொன்னாள்: "வுட்டுத் தள்ளுய்யா. வேற எடமா இல்ல?"

"எங்க போனாலும் இதே மூஞ்சிங்கதான். கால் வலிக்குது, சோத்தப் போடு."

கொலு எப்போதோ எடுத்திருக்க வேண்டியது. வெள்ளி ஆகாது, சனி ஆகாது என்று ஞாயிறு வரை பொம்மைகள் அப்படியே நின்றன. ஒரு மனிதன் திருடன் என்று பேரெடுப்பதற்கு மட்டும் எந்தக் கிழமையும் தடையாக இருக்கவில்லை. ஞாயிறன்று கஸ்தூரிரங்கனின் மனைவி ரங்கநாயகி பொம்மைகளை இறக்கி, படிமேல் விரித்த வேட்டியை உருவினார். ஆட்டங்காணாமலிருக்கப் படியின் காலுக்கு அண்டக் கொடுத்தபடி ரென்ச் கிடந்தது. மேலே சந்தனம், குங்குமம்.

"ஏன்னா, நீங்கதானே இதை இங்க சொருகினேள்?"

"உஸ், மெதுவாப் பேசு. நான் போய் மாட்டிடறேன்."

திங்கட்கிழமை காலை பலகை முன் நின்ற வெங்கடேசன் ரென்ச்சைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த சந்தனம் விரலில் உதிர்ந்தது. காரெடுக்க வந்த கஸ்தூரிரங்கனிடம் கேட்டார்.

"எங்க சார் கெடந்துச்சு?"

"கிடைச்சாச்சு இல்ல, விடேன்."

"காணோம்னு குரூப்புல போட்டீங்களாமே. கெடச்சுதுன்னும் போட்டுடுங்க சார். எங்க கெடச்சுதுன்னு."

"பாக்கலாம், பாக்கலாம்."

வெங்கடேசன் அதற்குமேல் கேட்கவில்லை. சத்தம் போடவும் தெம்பு வேண்டுமே. அன்று முழுவதும் வேலை பார்த்தார். சாயங்காலம் காவலாளியிடம் குழுவில் ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை. பலகைக்கு வந்து தன் கருவிகளைக் கழற்றிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டார். ரென்ச்சை மட்டும் விட்டுவிட்டார்.

மறுநாள் குழுவில் யாரோ படம் போட்டார்கள். ரென்ச் ஒன்றைத் தவிரச் சுவர் முழுக்க வெற்றுக் கோடுகள். "எல்லாமே போய்விட்டது! போலீசுக்குப் போகலாமா?"

கஸ்தூரிரங்கன் வேறு வழியின்றி எழுதினார்: "அவை வெங்கடேசனின் சொந்தக் கருவிகள்." அதற்குக் கீழே ரங்கநாயகி எழுதினார்: "ரென்ச் எங்கள் கொலுப்படிக்கு அடியில் இருந்தது. வைத்தது என் கணவர். வெங்கடேசன் எடுக்கவில்லை." சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். யாரைப் பார்த்துக் கூப்பினார்களோ, அவர் அந்தக் குழுவில் இல்லை.

காவலாளி அதைப் படித்துக் காட்டியபோது வெங்கடேசன் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "அந்தம்மா பேரு அதுல வருதா?" என்று கேட்டார். வந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். டார்ச் அடித்த இருவரும் அன்றும் நிற்காமல் அவரைக் கடந்து போனார்கள்.

இப்போது தினமும் கோணிப்பையோடு வருகிறார், அதோடு திரும்புகிறார். முழங்காலுக்கு அது கூடுதல் சுமை.

"பலகையிலயே மாட்டிடலாமே, ஏன் சுமக்கறே?" என்றார் கஸ்தூரிரங்கன் ஒருநாள்.

"உங்களுதுதான் மாட்டிக்கீதே சார்," என்றார் வெங்கடேசன். பையைத் தோள் மாற்றிக்கொண்டு மோட்டார் அறைக்கு இறங்கினார்.