குமுளிக்காரிக்கு வந்த வெள்ளைப் பூ

எங்கள் ஊரில் பூ கேட்காமல் எதுவும் நடக்காது. பாலக்காட்டு நல்லேப்பிள்ளிப் பக்கம் கிணறு வெட்டுவதானாலும் சரி, பெண் கொடுப்பதானாலும் சரி, மாரியம்மன் காலடியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. எழுபதுகளில் ஒரு வருடம், என்னை மெட்ராசுக்கு வைத்தியத்துக்குக் கொண்டுபோகலாமா என்று அப்பா பூ கேட்டார். பொட்டலத்தை எடுத்தவன் என் தம்பி. வெள்ளை வந்தது. அந்தப் பயலோடு ரயிலேறும்வரை நான் பேசவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மற்ற பிள்ளைகள் களத்தில் ஓடினால் நான் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். எப்போதும் சளி, எப்போதும் இளைப்பு. பிறவியிலேயே நெஞ்சுக்குள் ஓட்டை என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். அதை அப்பா தன் பாஷையில் எனக்கு விளக்கினார்.

“ரெண்டு வயலுக்கு நடுவால வரப்பு ஒடைஞ்சு போச்சுன்னு வெச்சுக்க அம்மிணி. மேல் வயல் தண்ணி பூரா கீழ் வயலுக்குப் பாயுமல்லொ? உன்ற நெஞ்சுல அப்புடித்தான், ரத்தம் நுரையீரலுக்கு அளவுக்கு மீறிப் போகுதாமா. வரப்பக் கட்டோணும், அவ்வளவுதான்.”

“மம்பட்டியிலயாப்பா கட்டுவாங்க?” என்றேன்.

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரப்புக் கட்டுகிற ஆள் வயலுக்குள் இறங்காமல் கட்ட முடியுமா? என் நெஞ்சுக்குள் யாரோ இறங்கப் போகிறார்கள் என்பது அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவள்தான் குமுளிக்காரி. அவளுக்கும் நெஞ்சில் ஓட்டைதான். அவளுடைய அப்பா குமுளிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தார். மலையிறங்கிக் கம்பம் வந்து, பஸ் மாறி, ரயில் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்கள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் நான் அவளைக் குமுளிக்காரி என்றும் அவள் என்னைப் பாலக்காட்டுக்காரி என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டோம். அவள் என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவள். அவளுடைய உதடும் நகமும் நீலமாக இருந்தன.

“நாவப்பழம் தின்னியா?” என்று முதல் நாளே கேட்டேன்.

“போடி. எனக்குச் சின்னதுல இருந்தே கொஞ்சங் கொஞ்சமா இப்பிடி ஆயிருச்சு” என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். அதுவும் நீலம். விரல் நுனிகள் உருண்டு திரண்டிருந்தன. அதையும் என்னவோ நகை போட்டுக்கொண்டவள் மாதிரி விரித்துக் காட்டினாள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

முதலில் குழாய்ப் பரிசோதனை என்று சொன்னார்கள். தொடையில் ஊசி குத்தி, ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதை நெஞ்சுவரைக்கும் தள்ளி, நுரையீரலுக்குப் போகிற குழாயில் ரத்தம் எவ்வளவு வேகமாக முட்டுகிறது என்று அளப்பார்களாம். நர்ஸ் இதை இட்லிக்கு மாவு கரைப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். புற்றுக்குள் பாம்பு நுழைவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதுதான் கண்ணுக்குள் வந்தது. இருட்டறையில் மேசைமேல் படுக்கவைத்துக் கைகளைக் கட்டியதும் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேன். குழாய் உள்ளே போனது எனக்குத் தெரியவே இல்லை. நெஞ்சு ஒருமுறை தவளைபோல எகிறிக் குதித்ததுதான் தெரிந்தது. செத்துவிட்டேன் என்று நினைத்து, சாமி பெயர்களை எல்லாம் மொத்தமாகச் சொல்லித் தீர்த்தேன்.

குமுளிக்காரிக்கு என்னைவிட அதிக நேரம் ஆயிற்று. “எனக்கு மூக்குல மூடி வச்சு, காத்துக் குடுத்து, இன்னொருக்கா அளந்தாக” என்று திரும்பி வந்து பெருமையடித்தாள். அதற்குள் மூச்சு வாங்கியது. மீதியை ஜாடையில்தான் சொன்னாள்.

அளந்ததைப் பார்த்துவிட்டு ஆப்பரேஷன் உண்டா இல்லையா என்று டாக்டர் சொல்வார் என்றார்கள். அன்று எங்கள் கட்டில் வழியாக ஒரு பையனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதுகிலிருந்து நெஞ்சுவரை அவனுக்குக் கட்டுப் போட்டிருந்தது. முனகக்கூடத் தெம்பில்லை. நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் புகுந்துகொண்டோம். அவளுடைய கை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

“நம்மளையும் வெட்டுவாகளா?” என்றாள்.

“பூக் கேட்டாத் தெரிஞ்சுரும்” என்றேன் நான். அந்த வித்தை அவளுக்குத் தெரியவில்லை. நல்லேப்பிள்ளிக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? ஆஸ்பத்திரி வாசலில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் நின்றன. அம்மாவோடு கூடவே வந்திருந்த தம்பியை அதட்டிப் பறித்துவரச் சொன்னேன். இட்லி கட்டிவந்த வாழையிலையைக் கிழித்து இரண்டு பொட்டலம் கட்டினேன். ஊரில் ஆளுக்குத் தனியாகத்தான் கேட்பார்கள். நான் அவசரத்தில், ஆளுக்கொன்று எடுப்போம், வெள்ளை வந்தவளுக்குக் கத்தி இல்லை, சிவப்பு வந்தவளுக்கு உண்டு என்று சட்டம் போட்டுவிட்டேன். கட்டியவள் நான் என்பதால் அவள் முதலில் எடுத்தாள்.

வெள்ளை!

சந்தோஷத்தில் அவளுக்கு இருமலே வந்துவிட்டது. நான் என் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. பிரித்து என்ன, பிரிக்காமல் என்ன?

மறுநாள் காலை டாக்டர் வந்தார். வார்டு வாசலில் இரண்டு அப்பாக்களும் நின்றிருந்தார்கள். டாக்டர் என் அப்பாவிடம், “பிரஷர் கை மீறிப் போகலைங்க. செஞ்சுடலாம்” என்றார். என் அப்பா சிரித்துக்கொண்டே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் நெஞ்சைப் பிளக்கப் போகிறேன் என்கிறவனைக் கும்பிடுகிற அப்பா! அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

குமுளிக்காரியின் அப்பாவிடம் டாக்டர் வெகுநேரம் தணிந்த குரலில் பேசினார். “செய்யறதுக்கில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றது மட்டும் எங்களுக்குக் கேட்டது. அவள் என் கையைக் கிள்ளினாள். பூ சொன்னது பலித்துவிட்டது! ஆனால் அவளுடைய அப்பா சட்டென்று டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அப்பிடிச் சொல்லாதீகய்யா! எம்புள்ளையையும் வெட்டுங்கய்யா. என்ன ஆனாலுஞ் சரி, வெட்டிப் பாருங்கய்யா!”

வளர்ந்த ஆண் ஒருவர் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அவரைத் தேற்றப்போன என் அப்பாவும் அழுதார்.

இதன் அர்த்தம் எனக்குத் தெரிய நான் கல்யாணமாகிப் பிள்ளைபெறப் போகும்வரை ஆயிற்று. என் நெஞ்சிலிருந்த தழும்பைப் பார்த்த டாக்டரம்மா சொன்னாள். வருடக்கணக்கில் வேகமாக மோதுகிற ரத்தத்தால் நுரையீரலின் குழாய்கள் தடித்துச் சுருங்கிக் கல்லாகிவிடுமாம். அதற்குப் பிறகு ஓட்டையை அடைத்தால், ரத்தத்துக்குப் போக்கிடம் இல்லாமல் இதயமே நின்றுபோகுமாம். எனக்கு அந்தக் கட்டம் வருவதற்குள் கொண்டுபோய்விட்டார்கள். குமுளிக்காரிக்கு அது தாண்டிப் போயிருந்தது. காற்றுக் கொடுத்து அளந்தும் பிரஷர் இறங்கவில்லை. அந்த நீலம் அதன் அடையாளம்தான். பூ பொய் சொல்லவில்லை. கத்தி உண்டா இல்லையா என்று மட்டும்தான் நாங்கள் அதைக் கேட்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்கே அவர்கள் கிளம்பினார்கள். அவள் பாவாடை முடிச்சிலிருந்து நாலு ஏலக்காயை எடுத்து என் கையில் வைத்தாள். “வாயில அடக்கிக்க. பயம் தெரியாது” என்றாள். அவளுடைய அப்பா என் தலையில் கைவைத்து, “நல்லா இருத்தா” என்றார். நான் பயந்து பின்வாங்கினேன். டாக்டரே விட்டுவிட்டபோதும், மகளை வெட்டச்சொல்லி அழுத மனிதராயிற்றே. அவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அவள் அவருடைய தோளுக்குமேல் எனக்குக் கையாட்டிக்கொண்டே போனாள். இப்படிப்பட்ட ஒரு அப்பாவோடு தனியாக அந்த மலைக்குப் போகிறாளே, பாவம் குமுளிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.