சித்தப்பாவின் ஆறு நொடி

மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக்குழாயைக் கவ்விக்கொண்டு சித்தப்பா என்னை முறைத்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து மாஹிம் வரை, சைக்கிளில் ரப்பர் ஹாரனை அமுக்கியபடி இட்லி விற்பவர். பித்தப்பையில் கல். வலி வந்தால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. ஆனால் பல வருஷம் பீடி குடித்தவர் என்பதால், நுரையீரல் சோதனையில் தேறினால்தான் மயக்க மருந்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சோதனை மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தது, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த நான். ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்.

சோதனை எளிதுதான். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில், குறைந்தது ஆறு நொடியாவது ஊத வேண்டும். எத்தனை லிட்டர் காற்று வந்தது, அதில் முதல் நொடியில் மட்டும் எவ்வளவு என்று திரையில் கோடு காட்டும். சித்தப்பா ‘பூ, பூ’ என்று வெட்டி வெட்டி ஊதி நிறுத்தினார். மறுபடியும் அதே. கோடு எழும்பவே இல்லை. இப்படியே போனால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

“நீட்டி ஊதுங்க சித்தப்பா. ஏன் பாதியில விடுறீங்க?”

“ஏலே, இத்தன வருசமா ஹாரன ரெண்டே அமுக்குதான் அமுக்கிருக்கேன். நீட்டினா பில்டிங் வாட்ச்மேன், ‘ஏ அண்ணா, ஆவாஜ் பந்த் கர்’னு, சத்தத்த நிறுத்தச் சொல்லி ஏசுவான். அந்தப் பழக்கம்தான்.”

மனசுக்குள் பாடப்புத்தகத்தை அங்கேயே மூடினேன்.

“உங்க ஹாரன்ல இருக்க ரப்பர் உருண்டைய நினைச்சுக்கோங்க. கைய விட்டா காத்து தானா உள்ள போகுதுல்லா? நெஞ்சும் அப்படித்தான். விலா விரியும், வயித்துக்கு மேல இருக்க தசை கீழ இறங்கும், காத்து தானா வரும். இப்ப உருண்டைய அமுக்குங்க, கைய எடுக்காதீங்க. இங்க வாட்ச்மேன் இல்ல.”

கண்ணை மூடி ஊதினார். “விடாதீங்க, இன்னும், இன்னும்” என்று நான் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது. கோடு விறுவிறுவென ஏறி, மெல்ல வளைந்து, சமமாக நின்றது. மேலும் இரண்டு முறை ஊதினார். மூன்றும் ஒத்துப்போயின. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

“எல்லாத்தையும் உருவிட்டியேல,” என்றார் சித்தப்பா.

எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்குமேல் உள்ளேயே தங்கிவிடும், அதை இந்த மிஷினால் அளக்க முடியாது என்றேன்.

“அப்ப அது எனக்கு. அதுல யாரும் பங்கு கேக்காதீங்க.”

இப்போதெல்லாம் குழாயைக் கையில் கொடுக்கும் முன், என்ன தொழில் என்று எல்லாரிடமும் கேட்டுவிடுகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சித்தப்பா மறுபடியும் அதிகாலையில் மாஹிம் போகிறார். வழியிலுள்ள பாலத்து ஏற்றத்தில், இட்லிப் பாத்திரத்தோடு, சைக்கிளை விட்டு இறங்குவதே இல்லை.