கிழக்குச் சரிவில் வளர்மதி

காப்புக்காட்டுப் பாதையில் வளர்மதி நடப்பதில்லை. குனிந்து குனிந்து முன்னேறுகிறார். பிற செடிகளை வளரவிடாமல் காட்டை மூடும் உண்ணிச்செடியின் கன்று கண்ணில் பட்டால் ஒவ்வொன்றையும் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, பாறைமேல் கவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். "நீங்க போங்க, வந்துடறேன்" என்பார். அவர்களுக்கு முன்பாகவே மேலே போய்ச் சேர்ந்தும் இருப்பார்.

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டாவின் நகல் வெளியே வருவதற்குள் கண்ணாடியைத் துடைத்து, தாள்கட்டைத் தட்டி அடுக்கி, கோடையில் தீ பரவாதிருக்கக் காட்டில் சருகு கூட்ட வர முடியுமா என்று வாடிக்கையாளரிடம் கேட்டும் விடுவார். பெரும்பாலோர் நகலை வாங்கிக்கொண்டு நழுவிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கணவர் அரங்கநாதனின் பொறுப்பு. "வூட்டு வாசல்ல ஒரு புல்லு புடுங்க மாட்டா. காட்டுல போயி சம்பளம் இல்லாம புடுங்குறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டே மனைவிக்குத் தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தருகிறார்.

இந்த வேகம் ஒருமுறை கெடுதல் செய்துவிட்டது. குன்றின் கிழக்குச் சரிவில் உண்ணிப்புதர் மண்டிக் கிடந்தது. தன்னார்வலர் குழுவை நடத்தும் கல்லூரி ஆசிரியர் இனியன், இப்போது பாதியை மட்டும் அகற்றுவோம், அங்கே காரை, சூரை போன்ற நாட்டுப் புதர்கள் தழைத்தபின் மீதியைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அரைகுறையாக நின்ற புதர் வளர்மதியை உறங்கவிடவில்லை. மறுவாரம் தனியே கடப்பாரையோடு போய் மீதியையும் பெயர்த்தெறிந்தார். அந்தப் புதரில்தான் மஞ்சள்தொண்டைச் சின்னான் ஒளிந்து வாழ்ந்தது. எளிதில் காணக் கிடைக்காத பறவை. சென்ற ஆண்டுப் பறவைக் கணக்கெடுப்பில் அச்சரிவில் ஒன்றுகூடத் தென்படவில்லை. யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்தான் கோடை முழுவதும் குடத்தில் தண்ணீர் சுமந்து, மெலிந்து கிடந்த காரைச்செடிகளுக்கு ஊற்றினார்.

இவ்வாண்டுக் கணக்கெடுப்பில் அதே சரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குறித்த நேரம் அசையாமல், பேசாமல் நின்று, அந்நேரத்துக்குள் கண்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பது முறை. இனியன் தாளோடு அருகில் நின்றார். குழுவில் ஒருவனாக உடன் சென்ற நான் சற்றுப் பின்னால் நின்றேன். புடவைமேல் போட்டிருந்த ஆண்சட்டையின் பொத்தானை வளர்மதியின் விரல்கள் திருகிக்கொண்டே இருந்தன. கால் மாற்றினார். மறுபடியும் மாற்றினார். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறிவிட்டுப் போயின. எங்கோ ஒரு மயில் அகவியது. "இன்னா தம்பி, வராதா?" என்று ஒலியில்லாமல் உதடு அசைந்தது. இனியன் கையமர்த்தினார்.

கடிகாரம் ஒலித்தது.

"டைம் முடிஞ்சிடுச்சிக்கா" என்று இனியன் தாளை மடித்தார்.

"நான்தான் தொரத்திட்டேன். நல்லதுக்குப் பண்ணேன்னு அதுக்கு இன்னா தெரியும்" என்றார் வளர்மதி.

இறங்கத் திரும்பியபோது காரைச்செடி அசைந்தது. தொண்டையில் மஞ்சள் துலங்கச் சின்னான் ஒன்று உள்ளிருந்து கிளை நுனிக்கு வந்து அமர்ந்தது.

மூவரும் நின்ற இடத்திலேயே உறைந்தோம். இனியன் வளர்மதியின் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம்தானக்கா தள்ளிப்போச்சு. எழுதிடறேன்" என்று கிசுகிசுத்து, தாளை விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

வளர்மதி பறவையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, பேனா பிடித்த மணிக்கட்டை எழுதவிடாமல் இறுகப் பற்றிக்கொண்டார்.